சொன்னால்தான் கரி

சுகிர்தம், உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. அஞ்சல்காரர் மழையில் நனைந்து வந்ததால் உறையின் ஒரு மூலை ஊறிப்போயிருந்தது. நல்லவேளை, எழுத்து அழியவில்லை. உடும்பஞ்சோலையில் உனக்குக் கொடுத்திருக்கும் வீடு ஒழுகவில்லை, ஏலக்காட்டு அட்டை மட்டும்தான் விருந்தாளி மாதிரி தினமும் வருகிறது என்று எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தேன். உங்கம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே சிரித்தாள். உன் வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள், எல்லாம் நாலு வயது, ஐந்து வயது. சிலேட்டில் படம் போடவிட்டால் நிமிஷத்தில் கிறுக்கி, எச்சில் தொட்டு அழித்து, மறுபடி கிறுக்குகின்றன. அதனால் அப்பாவின் பழைய சட்டத்தையே கொண்டுவந்துவிட்டேன், என்ன போடப்போகிறாய் என்று வாயால் சொன்னால்தான் கையில் சாக்குக்கட்டி என்று எழுதியிருந்தாய். அதை வாசிக்கும்போது என் கை தானாக மீசைக்குப் போனதை மறைக்க மாட்டேன். அடுத்த வரிகளைக் குரலைத் தாழ்த்தித்தான் வாசித்தேன்.

லெச்சுமி என்று ஒரு பிள்ளை. வாயே திறப்பதில்லை. மற்றவர்கள் எல்லாம் சொல்லிவிட்டு வாங்கிக்கொள்கிறார்கள், இவள் மட்டும் வந்து நிற்கிறாள், பார்க்கிறாள், போய்விடுகிறாள். எட்டு நாளாக இவளுக்குச் சாக்குக்கட்டி கொடுக்கவில்லை. புத்தி மந்தம் என்று நினைக்கிறேன், வீட்டிலேயே வைத்துக்கொள்ளும்படி அவள் அம்மாவிடம் சொல்லிவிடலாமா, நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறாய். உங்கம்மா நார் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "கேட்டுட்டாள்ல. சொல்லிருங்க. இத்தனை வருசமா பாதிக் கதையவே சொல்லிட்டுத் திரியுதீக" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவரைக்காயைப் பார்த்தேன்.

கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளையை அனுப்பாதே. நாளைக் காலையில் வகுப்புக்குப் போனதும் எதுவும் கேட்காமல் அவள் கையில் சாக்குக்கட்டியைக் கொடு. உன் இடத்தில் நான் இருந்தால் என்று எழுதியிருக்கிறாயே, நான் அந்த இடத்தில் இருந்திருக்கிறேன் தாயி. லெச்சுமி நின்ற இடத்தில் நீ நின்றிருக்கிறாய். உனக்கு அப்போது நாலரை வயது, அதனால் நினைவில்லை. நினைவில்லாதது எனக்கு வசதியாகப் போயிற்று. கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு யார் வந்தாலும் முத்தையாவின் ஆனைக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைப்பேன், உன் கதைக்கு முன்னால் நிறுத்திக்கொள்வேன். இன்றைக்கு நிறுத்தப்போவதில்லை.

நான் பெட்டியடிக்கிறவனாக இருந்தது உனக்குத் தெரியும். தேயிலைப் பெட்டிக்குப் பலகை அறுப்பது, ஆணி அடிப்பது, உள்ளே ஈயத்தாள் பதிப்பது. பெட்டிக் கொட்டகையில் ஒரே சட்டம்தான். காவி தோய்த்த நூலைப் பலகையின் மேல் இழுத்துப் பிடித்துத் தெறிக்க வேண்டும், கோடு விழ வேண்டும், அதற்குப் பிறகுதான் ரம்பம். ஒரு சனிக்கிழமை வேலை முடிகிற நேரம், இன்னும் நாலு பலகை பாக்கி. கண்மட்டத்தில் அறுத்துவிடலாம் என்று கோடு போடாமலே வட்ட ரம்பத்தில் பலகையைத் தள்ளினேன். அது கோணலாகத் திரும்பியது, நேராக்க இடது கையை நீட்டினேன். மூன்று விரல் போனது அப்படித்தான். மெஷின் மேலும் தப்பில்லை, யார் மேலும் தப்பில்லை, என் அவசரம். கோடு போடாமல் வேலையைத் தொடங்குகிறவனைக் கண்டால் எனக்கு இன்றும் உடம்பு எரிவது அதனால்தான். நாலு வயதுப் பிள்ளைக்கும் தேயிலைப் பெட்டிக்கும் வித்தியாசம் உண்டு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

புண் ஆறிய பிறகு, இரண்டு விரல் உள்ள கையை வைத்துக்கொண்டு பெட்டியடிக்க முடியாது என்று, தோட்டத்து வேலையாட்களை மேய்க்கிற கண்டக்டர் என்னைப் பிள்ளைக்கொட்டகைக்கு அனுப்பினார். மாட்டுப்பட்டிக்கு மேலே நாம் அப்போது இருந்த தோட்டத்தில், கொழுந்தெடுக்கிற பெண்கள் விடிந்ததும் வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்து வயது வராத பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். அதுவரை பார்த்துக்கொண்ட ஆயா மகளோடு ஊருக்குப் போய்விட்டாள். அந்த இடத்துக்கு ஒரு ஆம்பளை வந்தால் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் சும்மா இருப்பார்களா? 'மீசை ஆயா' என்று பேர் வைத்தார்கள். "ஆயா, எம்புள்ளைக்கு மூக்க நல்லாச் சிந்தி விடுங்க" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு சிரித்தபடியே மேடேறுவார்கள். அந்தக் கூட்டத்தில் உங்கம்மாவும் போவாள். அவளும் சிரிப்பாள். எனக்கு அவமானமாக இருந்தது. அந்தக் கோபமெல்லாம் கொட்டகைக்குள் இருந்ததுகள் மேல்தான் இறங்கியது.

உன்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பிள்ளைகள். கஞ்சி காய்ச்சுகிற அடுப்பிலிருந்து கரியை எடுத்து, வெள்ளையடித்த சுவர் முழுக்க இழுத்துவைத்தன. கண்டக்டர் வந்து சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இங்க புள்ள வளக்கீரா, கரி மூட்டம் போடுதீரா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் பெட்டிக் கொட்டகையில் கெஞ்சி, வீணான பலகைத் துண்டுகளை வாங்கிவந்தேன். வாரத்துக்குப் பன்னிரண்டு கிடைத்தால் பெரிது. பிள்ளைக்கு ஒன்று. ஆனால் பலகை கையில் விழுந்த நிமிஷத்திலேயே அதைக் கரியால் பூசிக் கறுப்பாக்கிவிட்டு, அடுத்த பலகை எங்கே என்று நின்றன. கழுவினால் கறை முழுதும் போகாது, போனாலும் இந்த மலைச் சாரலில் பலகை காய இரண்டு நாளாகும். அப்போதுதான் என் சட்டத்தைக் கொண்டுவந்தேன். பலகையை முதலில் கொடுத்துவிடுவேன். கரி என் மடியில் இருக்கும். ஒவ்வொருவராக வந்து நிற்க வேண்டும். என்ன போடப்போற, எங்க போடப்போற, எம்மாம் பெருசு. மூன்றுக்கும் பதில் சொன்னால்தான் கரி.

முதல் இரண்டு நாள் திருதிருவென்று முழித்தன. மூன்றாம் நாள் முத்தையா வந்தான். ஆனை என்றான். "ஆனைக்கு எத்தனை காலு?" "நாலு." "பலகையில எங்க நிக்கும்?" கொஞ்சம் யோசித்துப் பலகையின் கீழ் விளிம்பைத் தடவினான். "இங்கன. தரை இங்கனதான இருக்கு." எனக்கு ஆச்சரியமாகப் போயிற்று. பலகைக்குள் தரை இருக்கிறது என்று இவனுக்கு யார் சொன்னது? கரியைக் கொடுத்தேன். நாலு காலையும் பலகையின் உயரம் முழுக்க இழுத்துவிட்டான், தலைக்கு இடம் இல்லை. ஆனால் அழவில்லை. பக்கத்தில் இருந்த செவத்தியின் பலகையை இழுத்துத் தன் பலகையோடு ஒட்டிவைத்து, "ஆனைத் தலை ஒன் வீட்டுக்கு வருது" என்றான். அவளும் பெரிய மனுஷி மாதிரி, "வரட்டும், தும்பிக்கைய மட்டும் எம்பூ மேல வைக்காத" என்றாள். இந்த இடம் வரைக்கும் நீ நூறு தடவை கேட்டிருப்பாய்.

இன்னும் இருக்கிறது, கேள். மாரியாயி மழை போடுவேன் என்றாள். எங்கே என்றேன். மேலே என்றாள். மேலே மட்டும் போட்டால் போதுமா என்றேன். "நா மேலதான் போடுவேன், கீழ அதுவா வரும்" என்றாள். சின்ன தாசன் தினமும் எங்கம்மா, எங்கம்மா என்று சொல்லிக் கரி வாங்குவான். அவன் போடுவது ஒரு கூடை, கூடைக்குக் கீழே இரண்டு கால். அம்மாவுக்கு மொகம் எங்கடா என்று கேட்டால், "அது அந்தப் பக்கம் இருக்கு" என்பான். எனக்கு விளங்க நாலு நாள் ஆயிற்று. காலையில் விட்டுவிட்டு மேடேறிப் போகிற அம்மாவைத்தான் அவன் நெடுநேரம் வாசலில் நின்று பார்க்கிறான். அவனுக்குத் தெரிந்த அம்மா முதுகும் கூடையும்தான். அந்த வயதுப் பிள்ளையின் தலைக்குள் ஒரு படம் எங்கே உட்கார்ந்திருக்கிறது, கேட்ட பிறகு உண்டாகிறதா, கேட்பதற்கு முன்பே இருக்கிறதா என்று எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. சாயந்திரம் லயத்துக்கு வந்ததும் உங்கம்மாவிடம் இதையேதான் பேசுவேன். மீசை ஆயா என்ற பேர்கூட மறந்துபோயிற்று. கேள்வி கேட்கக் கேட்கப் பலகைகள் சுத்தமாயின, படங்கள் நின்று நிதானமாயின. கண்டக்டரே ஒரு நாள் குனிந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார்.

ஆனால் சட்டம் பிடித்த அளவுக்கு எனக்குப் பிள்ளைகளைப் பிடித்ததா என்பது வேறு. மாரியாயி ஒரு நாள் ஆடு என்று சொல்லிவிட்டுப் பாதியில் அதைப் பானை ஆக்கினாள். வயிறு பெரிதாகப் போய்விட்டது, அதனால் பானை. கெட்டிக்காரத்தனம்தான் அது. சொன்னது ஒன்று போட்டது ஒன்றா என்று கரியைப் பிடுங்கி, அந்த வாரம் முழுக்கச் சும்மா உட்காரவைத்தேன்.

இனி உன்னைப் பற்றி. நீ அப்போது ஒரு வார்த்தை பேசியதில்லை. காது நன்றாகக் கேட்டது. கூப்பிட்டால் திரும்புவாய், செம்பு எடுத்து வா என்றால் எடுத்து வருவாய். வாய் மட்டும் திறக்கவில்லை. ஆயா வேலை பார்க்கிறவனுக்கு ஊமைப் பிள்ளை என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்திருந்தது. சொந்த மகளுக்குச் சலுகை கொடுத்தால் மற்றதுகள் சட்டத்தை மதிக்காது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நீ தினமும் வரிசையில் கடைசியாக வந்து நிற்பாய், பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. "என்ன போடப்போற?" என்பேன். என் முகத்தையே பார்ப்பாய். மனசுக்குள் பத்து எண்ணுவேன். பிறகு, "போய் உக்காரு" என்பேன். நீ அழுததில்லை. அழுதிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. மறுநாள் மறுபடி வந்து நிற்பாய். இப்படி இருபது நாள். இருபது என்று எனக்குத் தெரிந்ததே உங்கம்மா எண்ணிக்கொண்டிருந்ததால்தான்.

அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து உன் அத்தை ஆள்மூலம் சொல்லி அனுப்பினாள். பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு மலையில் என்ன செய்யப்போகிறாய், இங்கே அனுப்பு, ஆடு பத்தி மேய்க்கப் பேச்சு எதுக்கு என்று. அக்காவைக் குறை சொல்லமாட்டேன். அவளுக்குப் பிள்ளை இல்லை, உன்னைப் பட்டினி போட்டிருக்க மாட்டாள். ஒத்துக்கொண்டது நான். பக்கத்து லயத்து அருளப்பன் குடும்பம் ஒரு வியாழக்கிழமை போடி வழியாக ஊருக்கு இறங்குவதாக இருந்தது. அவர்களோடு உன்னை அனுப்புவதாகப் பேசி முடித்துவிட்டுத்தான் உங்கம்மாவிடம் சொன்னேன். அவள், "பேசலைன்னா புத்தி இல்லன்னு யாரு சொன்னா? ஒங்க அக்காகூடத்தான் ஓயாம பேசுதாக" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ரெண்டு வருசம் கழிச்சுக் கூட்டிக்குவோம் என்றேன். "அப்ப அவளுக்கு நம்மளத் தெரியாது" என்றாள். உன் இரண்டு பாவாடையையும் துவைத்துக் கொடியில் போட்டாள்.

கொட்டகைக்குப் பின்னால், தகரக் கூரை கொஞ்சம் நீட்டியிருக்கும் இடத்தில், ஒரு முழ அகலத்துக்கு மண்தரை உண்டு. கரி கிடைக்காத நீ அங்கே போய்க் குந்திக்கொள்வாய். கூழாங்கல்லும் தேயிலைக் குச்சியுமாக ஏதோ பரப்பிவைத்திருப்பாய். மண்ணில் விளையாடுகிறது என்று நினைத்தேன். சாயந்திரம் பிள்ளைகள் போனதும் கொட்டகையைக் கூட்டுகிறபோது அதையும் சேர்த்துக் கூட்டிவிடுவேன். மறுநாள் அதே இடத்தில் அதே மாதிரி மறுபடி இருக்கும். நான் கூட்டக் கூட்ட நீ வைத்துக்கொண்டே இருந்தாய். வியாழனுக்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, அந்தக் கற்களுக்கு நடுவில் சின்னச் சின்னக் கரித்துண்டுகள் கிடப்பதைப் பார்த்துவிட்டேன். சட்டத்தை ஏமாற்றித் திருட்டுத்தனமாகக் கரி எடுக்கிறாய் என்று நினைத்து உன் கையில் ஓங்கி அடித்தேன். நீ கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாய். அந்த விரல்களில் ஒரு பொட்டுக் கரி இல்லை. மற்ற பிள்ளைகள் சிந்திய துணுக்குகளை இலையில் வைத்துப் பொதிந்து எடுத்து வந்திருக்கிறாய். கரியைத் தொடக் கூடாது என்று உனக்குத் தெரிந்திருந்தது. கையில் கரி இல்லை என்பதை என் கண் பார்த்தது, ஆனால் நான் யோசிக்கவில்லை. கோபத்தில் அன்றைக்குப் பின்பக்கம் கூட்டவும் இல்லை.

புதன்கிழமை காலையிலிருந்தே சாரல். கஞ்சி ஊற்றுகிற நேரத்தில் எண்ணிப் பார்த்தால் பதினொன்று. நீ இல்லை. பின்பக்கம் போனேன். காற்று மழையைக் கூரைக்கு உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. நீ குந்தியபடி, உன் பலகையை அந்தக் கற்களுக்கு மேல் கூரை மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாய். உன் தலையும் முதுகும் தெப்பலாக நனைந்திருந்தன. கற்கள் நனையவில்லை. சத்தம் போடத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் குனிந்து பார்த்தேன்.

நாலு பக்கமும் குச்சி வரிசை. அது சுவர். ஒரு இடத்தில் குச்சி இல்லை, வாசல் எங்கே இருக்கிறதோ அங்கே. மூலையில் மூன்று கல் கூட்டி அடுப்பு. உள்ளே பன்னிரண்டு கூழாங்கல். வாசலோரம் இருந்தது முத்தையா, அவனை ஒட்டிச் செவத்தி, ஜன்னலுக்குக் கீழே மாரியாயி, வாசலைப் பார்த்தபடி தாசன். யார் யார் எங்கே உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியாதா? அடுப்புப் பக்கத்தில் ஒரு பெரிய கல், அதன் ஒரு பக்கத்தில் இரண்டே இரண்டு குட்டைக் குச்சி. என் கை. லயத்தில் எல்லார் முன்னாலும் நான் துண்டுக்குள் மறைத்துவைத்திருந்த கை. பதினோரு கூழாங்கல்லுக்கும் பக்கத்தில் ஆளுக்கு ஒரு கரித்துண்டு. பெரிய கல்லுக்கு முன்னால் இருந்த பன்னிரண்டாவது கல்லுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. நான் எண்ணினேன். நம்பாமல் மறுபடி எண்ணினேன்.

அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். மடியிலிருந்து இருப்பதில் பெரிய கரியாக எடுத்து நீட்டினேன். நீ உடனே வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தாய், கேள்வி வரும் என்று காத்திருந்தாய். வராததும் வாங்கிக்கொண்டாய். பலகையின் நனையாத பக்கத்தைத் திருப்பி வைத்து, வாசலில் தொடங்கினாய். சுவர், அடுப்பு, ஒவ்வொரு பிள்ளையாக. உன் கை எங்கேயும் நிற்கவில்லை, எங்கேயும் இடம் போதாமல் போகவில்லை. நூல் தெறித்த பலகையில் ரம்பம் ஓடுவது போல ஓடியது. இருபது நாளாகக் கோடு போட்டுவைத்த படம் அல்லவா அது? முடித்துவிட்டுப் பலகையை என் பக்கம் தள்ளினாய். மீசை வைத்த ஒரு பெரிய உருவம், அதற்கு இரண்டு விரல் கை. பன்னிரண்டு சின்ன உருவங்கள். பதினொன்றின் கையில் ஒரு கறுப்புக் கோடு. ஒன்றின் கை வெறுங்கை. கரி அப்போது உன் கையில் இருந்தது, படத்தில் இருந்த உன் கையில் இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. பின்பக்கம் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்த முத்தையா என் பக்கத்தில் வந்து குந்தினான். "மாமாவுக்கு யாரு கரி குடுக்கல?" என்று கேட்டான்.

அன்று சாயந்திரம் உங்கம்மா கூடையை இறக்கியதும் பலகையைக் காட்டினேன். அவள் விரலால் ஒவ்வொரு உருவமாகத் தொட்டுக்கொண்டு போய்க் கடைசி உருவத்தில் நிறுத்தினாள். நேராக அருளப்பன் வீட்டுக்குப் போய், பிள்ளைக்குக் காய்ச்சல், வரமுடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். உனக்குச் சின்ன வயதில் ஒரு பெரிய காய்ச்சல் வந்ததாக நாங்கள் சொல்லி வந்தது இதுதான். அப்படி ஒரு காய்ச்சல் வரவில்லை. மழையில் நனைந்ததற்கு ஒரு தும்மல்கூட வரவில்லை உனக்கு. பிறகு மூன்று மாதம் கழித்து, ஒரு நாள் காலையில் என் மடியைத் தட்டி, "கரி தீந்துபோச்சு" என்றாய். நீ பேசிய முதல் பேச்சு. உங்கம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "மொதப் பேச்சே குத்தம் சொல்லுதாளா? ஒங்க அக்கா தோத்தாக" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

சட்டத்தை நான் விட்டுவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். தொடங்குவதற்கு முன்னால் யோசிக்கவைப்பது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேட்கிற விதத்தைத்தான் மாற்றினேன். சொல்லு, இல்லைன்னா காட்டு என்றேன். சிலது வெறும் விரலால் பலகையில் போட்டுக் காட்டின, தண்ணீர் தொட்டுப் போட்டு அது காய்வதற்குள் கரியால் தொடர்ந்தன. செவத்தி தரையில் நடந்து காட்டுவாள், இங்கேயிருந்து இங்கே வரை பாம்பு என்று. மாரியாயி பானையாகும் ஆட்டைத் தாராளமாகப் போட்டுக்கொண்டாள். சில பிள்ளைக்குப் பாதிப் படம் போட்ட பிறகுதான் என்ன படம் என்றே தெரியவருகிறது, அதற்கு என்ன செய்வது, பொறுத்திருக்க வேண்டியதுதான். கரி எடுத்தவுடன் பூசிக் கறுப்பாக்கிய ஒரு பயலைப் பிறகு கேட்டேன், ராத்திரி என்றான். அதுவும் யோசித்துச் செய்ததாக இருக்கலாம், யார் கண்டது? இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு ஒன்றும் நிச்சயமாகத் தெரியாது. ஆனால் ஒன்று செய்தேன். கொட்டகையைக் கூட்டுவதற்கு முன்னால் தினமும் ஒரு சுற்றுச் சுற்றி, தரையில் என்ன கிடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் துடைப்பத்தை எடுத்தேன். நீயும் லெச்சுமி உட்காரும் இடத்தைப் போய்ப் பார். அவள் சிலேட்டைப் பார்க்காதே. பாவாடை மடிப்பில், ஜன்னல் கட்டையில், செருப்பு கழற்றும் இடத்தில் என்ன சேர்த்துவைக்கிறாள் என்று பார். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அப்படியானாலும் சாக்குக்கட்டியைக் கொடு.

அந்தப் பலகை என்னிடம்தான் இருக்கிறது. கரி உதிராமல் இருக்க அப்போதே பெட்டிக் கொட்டகையிலிருந்து வார்னிஷ் வாங்கி ஒரு பூச்சுப் பூசி, என் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். அந்த வெறுங்கையில் ஒரு கோடு போட்டுவிட்டால் என்ன என்று எத்தனையோ தடவை கரியை எடுத்திருக்கிறேன். ஒரு சின்னக் கோடு, யாருக்குத் தெரியப்போகிறது? போடவில்லை. படம் உன்னுடையது, அதில் திருத்த எனக்கு என்ன உரிமை? திங்கட்கிழமை உடும்பஞ்சோலைப் பக்கம் போகிற ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் சாக்கில் சுற்றிக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே உங்கம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாயும் வரும். பலகையை நீ சுவரில் மாட்டினாலும் சரி, அடுப்பில் வைத்தாலும் சரி, நான் கேட்கமாட்டேன்.

இருபது நாள் உனக்குக் கரி கொடுக்காதவன், உன்னைத் தூக்கி அனுப்பப் பார்த்தவன் நான் என்று இனி உனக்குத் தெரியும். அதைப் பற்றி உனக்கு என்ன எழுதத் தோன்றுகிறதோ, அதை மெதுவாக, உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது எழுது. எழுதாமல் விட்டாலும் நான் கேட்க முடியாது. ஆனால் லெச்சுமிக்குச் சாக்குக்கட்டியைக் கொடுத்தாயா, அவள் என்ன போட்டாள், எங்கே தொடங்கினாள், அதை மட்டும் அன்றைக்கே எழுதிப் போடு. அஞ்சல்காரர் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு உன் அப்பா நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன்.